டேங்க் வாயில் உட்கார்ந்தவள்

ஒரு கப்பலின் அடிவயிற்றை நான் முதன்முதலாக அண்ணாந்து பார்த்தது ஒரு சித்திரை மாதக் காலையில். டிரை டாக்கிலிருந்து தண்ணீரை இறைத்து முடித்திருந்தார்கள். தரையெல்லாம் சேறும் பாசியும் உடைந்த சிப்பியும். வெளியே போக வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட மடவை மீன்கள் பள்ளங்களில் துள்ளிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே, வரிசையாக அடுக்கிய கட்டைகளின் மீது அந்தக் கப்பல் உட்கார்ந்திருந்தது. அரசாங்கத்து ரோந்துக் கப்பல். எங்கள் பசியாவரத்தில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று சொன்ன பிறகும் வலையை விட்டுவர மனமில்லாமல் நிற்கும் படகுகளை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு விரட்டுவது அதுதான். தூரத்தில் அதன் வெள்ளை முகம் தெரிந்தாலே எங்கள் நைனா வலையை அறுத்துப் போட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பிவிடுவார். தண்ணீர் இல்லாத இடத்தில் வைத்துப் பார்த்தால் அதன் மீதிருந்த பயம் போய்விடும் என்று நினைத்துத்தான் அருகில் போனேன். பயம் போகவில்லை. அத்தனை இரும்பும் என் தலைக்கு மேலே மரத்துண்டுகளை நம்பி நின்றுகொண்டிருந்தது. “இம்மாம் பெரிய கப்பலு இந்தக் கட்டைங்க மேலயா நிக்குது?” என்று பக்கத்தில் இருந்த அண்ணனைக் கேட்டேன். “நிக்கும் பாப்பா. நாங்க வெச்ச கட்டைதான்” என்றார். சொன்னவர் அங்கே நிற்காமல் என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அண்ணன் அந்த யார்டில் ஷிப்ரைட்டாக, அதாவது கப்பல் தச்சராக, இருந்தார். அரசாங்கத்துக் கப்பல்கள் பழுது பார்க்க வருகிற இடம் அது. எங்கள் ஊரிலிருந்து படகேறிப் பழவேற்காட்டுக் கரைக்கு வந்து, அங்கே காத்திருக்கும் காண்ட்ராக்டர் வேனில் ஏறிப் பட்டணத்துப் பக்கம் வெகுதூரம் போக வேண்டும். கப்பல் வருவதற்கு முன்பே அண்ணனுடைய வேலை தொடங்கிவிடும். அடிப்பக்கம் எங்கே வளைகிறது, எங்கே பாரம் அதிகம் என்று வரைபடத்தைப் பார்த்து, அதற்குத் தகுந்த உயரத்தில் டாக்கின் தரையில் கட்டைகளை அடுக்குவார்கள். கப்பல் மிதந்து உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை இறைப்பார்கள். தண்ணீர் இறங்க இறங்கக் கப்பலும் இறங்கும். அது கட்டையைத் தொடுகிற நேரத்தில் அங்கே யாரும் பேசமாட்டார்கள். மரம் நெரிபடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அண்ணன் அப்போது மேலே கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சாமி கும்பிடுகிறார் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கேட்டதற்கு, “சத்தத்த கேக்குறேன். தப்பான சத்தம் எதனா வருதானு” என்றார். தப்பான சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “வந்தா தெரியும். இதுவரைக்கும் வரல” என்று சிரித்தார். அவருடைய சட்டையின் முதுகுப் பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது.

என் வீட்டுக்காரர் ஏரியில் நண்டு வலை போடுகிறவர். முகத்துவாரம் மணல் மூடிப்போன வருடங்களில் ஏரிக்குள் கடல் தண்ணீர் வராமல், நண்டும் இறாலும் பேருக்குக்கூட இல்லாமல் போயின. அப்போதுதான் அண்ணன் என்னைக் காண்ட்ராக்டரிடம் சொல்லி வேனில் ஏற்றிவிட்டார். பெண்களுக்கு அங்கே கூட்டுவது, கழுவுவது, பெயின்ட் டப்பா தூக்குவது என்று வேலை இருந்தது. எனக்குக் கிடைத்தது வேறு. அதை எல்லோரும் ‘வாட்ச்’ என்பார்கள். கப்பலின் அடிவயிறு ஒரே அறையாக இருப்பதில்லை. எண்ணெய்க்கும் தண்ணீருக்குமாகச் சின்னச் சின்ன டேங்குகளாகத் தடுத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் மேல்தகட்டிலும் ஓர் ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைகிற அளவுக்கு முட்டை வடிவத்தில் ஒரு வாய் இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றி போல்ட்டுகள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. தவழ்ந்துதான் போக வேண்டும். இரும்புச் சட்டங்களில் வெட்டியிருக்கும் துளைகள் வழியாக ஒரு தடுப்பிலிருந்து அடுத்த தடுப்புக்கு நுழைய வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்வரை அந்த வாயருகே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவர் நான். உள்ளே போனவர் திரும்பி வருகிறவரை நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகக்கூடாது.

சும்மா உட்கார்ந்திருக்கிற வேலைதானே என்று ஊரில் சொல்வார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். உள்ளே இருக்கிறவருக்குச் செய்ய வேலை இருக்கிறது. கை ஓடிக்கொண்டிருந்தால் பயம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். வெளியே இருப்பவளுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அண்ணன் உள்ளே போனால் சுத்தியலால் தகடுகளைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு மணிபோலக் கணீரென்று பேசும். துரு தின்ற தகடு சத்தத்தை விழுங்கிவிடும். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார். பிறகு வெல்டர் வந்து அதை வெட்டி எடுப்பான். அதன் பிறகு புதுத்தகடு பொருத்துவார்கள். கணீர், கணீர், டொக். நான் வெளியே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நடுவில் அவர் சாக்பீஸை எடுப்பதற்காக நிறுத்தினால்கூட “ணா” என்று கூப்பிடுவேன். “இருக்கறேன் பாப்பா” என்று உள்ளேயிருந்து குரல் வரும். மற்ற வாட்ச் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். அண்ணன் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் அத்தனை தடவையும் பதில் சொல்வார்.

உள்ளே இறங்குவதற்கு முன்னால் அவர் தவறாமல் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. “நான் உள்ள வுழுந்தாலும் நீ வராத. விசில் ஊது, வாக்கி டாக்கில சொல்லு, ஆளுங்க வர்றவரைக்கும் வாயிலயே இரு. உள்ள மட்டும் வராத.” பயிற்சி கொடுத்த சேஃப்டிக்காரரும் இதையேதான் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது அது பாடமாக இருந்தது. அண்ணன் சொல்லும்போது அவர் உள்ளே விழுந்து கிடப்பதே என் கண் முன்னால் வரும். ஒருநாள், “எதுக்கு ணா தினம் இதையே சொல்ற? அபசகுனமா கீது” என்று கோபித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

யார்டுக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்குப் பலகை மாற்றுகிற வேலையில் இருந்தார். அங்கே கரையில் கட்டியிருந்த ஒரு படகில், மீன் கொட்டிவைக்கும் கீழறையைக் கழுவுவதற்காக ஒருவர் இறங்கினார். பல நாளாக மூடிக்கிடந்த அறை. அடியில் மீன் கழிவு அழுகிக் கிடந்திருக்கிறது. இறங்கினவர் சத்தமில்லாமல் விழுந்தார். மேலே நின்ற அவருடைய தம்பி, “அண்ணா” என்று கத்தியபடி குதித்தான். அவனும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவதாக இன்னொருத்தர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான்காவதாக ஏணியில் கால் வைத்தது எங்கள் அண்ணன். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்தது. ஆனாலும் விடவில்லை. “இழுத்தது ஆருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது பாப்பா. அப்ப அந்தாள கண்டபடி திட்டினேன்” என்றார். அந்த மூன்று பேரும் வெளியே வந்தது உயிரோடு இல்லை. கதையைச் சொல்லி முடித்துவிட்டு அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, “வராத, இன்னா?” என்று மறுபடி கேட்டார். சரி என்று தலையாட்டினேன். அன்றைக்குத் தலையாட்டியபோது, அது என்னால் முடிகிற காரியமா என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

அதே ரோந்துக் கப்பல் சில வருடம் கழித்து மறுபடி டாக்குக்கு வந்தது. ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த நாட்கள். அன்று காலை டீ முடிந்ததும் அண்ணன் ஒரு தண்ணீர் டேங்குக்குள் இறங்க வேண்டியிருந்தது. சேஃப்டிக்காரர் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்து, காற்று நன்றாக இருப்பதாகச் சொன்னார். பெரிய துணிக்குழாயை வாய் வழியாக உள்ளே விட்டு, காற்று ஊதுகிற புளோயரைப் போட்டார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அண்ணன் வழக்கம்போல, “வராத, இன்னா?” என்றார். காலை உள்ளே விட்டார். இடுப்பு, தோள், கடைசியாக மஞ்சள் ஹெல்மெட். உள்ளே அவருடைய கைவிளக்கின் வெளிச்சம் நகர்ந்து போனது. கணீர், கணீர் என்று சத்தம் கிளம்பியது. நானும் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

அந்த டேங்கின் கடைசித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. வெகுகாலமாக மூடி வைத்திருந்த அறை. அதைத் திறக்க வேண்டியது அன்றைய வேலையில் இல்லை. ஆனால் நடுவில் இருந்த தகட்டைத் துரு அரித்து, ஒரு மூடி கையோடு கழன்று வந்திருக்கிறது. அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அண்ணன் தலையை நுழைத்திருக்கிறார். மூடிக்கிடக்கிற இரும்பு அறைக்குள் துரு காற்றைத் தின்றுவிடும் என்று பிறகு எனக்குச் சொன்னார்கள். நாற்றம் கிடையாது, புகை கிடையாது, கண் எரிச்சல் கிடையாது. பார்ப்பதற்கு மற்ற இருட்டைப் போலவே அதுவும் ஓர் இருட்டுதான். ஓரிரண்டு மூச்சு போதும், முழங்கால் மடிந்துவிடும்.

இதெதுவும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது சத்தம் நின்றது மட்டும்தான். “ணா” என்றேன். புளோயர் இரைந்துகொண்டிருந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். சாக்பீஸ் எடுக்கிறார் போலிருக்கிறது என்று என் மனசு எனக்கே பொய் சொன்னது. தலையை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். கைவிளக்கு தரையில் கிடந்து எதிர்ச்சுவரில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் அசையவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் அண்ணனுடைய இரண்டு பூட்ஸும் தெரிந்தன. அடிப்பாகம் என்னைப் பார்த்தபடி இருந்தது. தவழ்ந்து போனால் நாலைந்து எட்டில் அந்தக் காலைப் பிடித்துவிடலாம். பிடித்து இழுத்தால் வந்துவிடுவார். எங்கள் அண்ணன் கனமான ஆள் இல்லை.

விசிலை ஊதினேன். வாக்கி டாக்கியில் கப்பலையும் டேங்கையும் சொல்லி, ஆள் விழுந்துவிட்டார் என்று கத்தினேன். அடுத்த கணம் பார்த்தால் என் தலையும் ஒரு தோளும் வாய்க்குள் இருந்தன. நான் நுழையவில்லை, என் உடம்பு தானாக நுழைந்துகொண்டிருந்தது. போல்ட் ஒன்று விலாவில் குத்தியது. அந்த வலியில்தான் எனக்கு நினைவு வந்தது. விளிம்பைப் பிடித்து என்னையே வெளியே தள்ளினேன். தண்ணீரில் முங்கி எழுந்தவளைப் போல மூச்சு வாங்கியது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அது குறட்டை மாதிரி இருந்தது. அசந்து தூங்குகிற மனிதனின் நீளமான குறட்டை. முதலில் அதைக் கேட்டு நிம்மதியாகக்கூட இருந்தது. அது உயிர் போகிற நேரத்து மூச்சு என்று பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் பக்கத்தில் குறட்டை விட்டாலும் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அப்போது வெல்டர் ஓடிவந்தான். அவன் அண்ணியின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன்தான் அவனையும் யார்டில் சேர்த்துவிட்டவர். “மாமா எங்க?” என்றான். நான் பதில் சொல்வதற்குள் குனிந்து பார்த்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலையை உள்ளே விட்டான். நான் அவனுடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். அவன் திமிறினான். என்னைவிட இளையவன், பலசாலி. இழுத்து நிறுத்த முடியாது என்று தெரிந்தது. அவன் ஒரு முறை பின்வாங்கியபோது நான் அந்த வாய்க்குள் காலை விட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கையாலும் இரண்டு பக்கத்துப் போல்ட்டுகளைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தூக்கினால்தான் வழி.

“எழுந்திரு க்கா. அவரு சாவறாரு.”

“நீ போனா நீயும் சாவ.”

“காலு தெரியுது க்கா. இழுத்துடலாம். வுடு.”

“ஆளுங்க வர்றாங்க. சிலிண்டர் வருது.”

“நீ அவரு கூடப்பொறந்தவதானா?”

அவன் என் தோளில் அடித்தான். கையைப் பிடித்துத் திருகினான். முடியைப் பிடித்து இழுத்தான். நான் கத்தவில்லை. என் காதெல்லாம் கீழே இருந்தது. குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. என் கால்கள் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களைக் கீழேயிருந்து அண்ணன் பிடித்து இழுப்பார் என்று ஒரு பயம் வந்தது. இழுத்தால் போய்விடுவேன் என்றும் தெரிந்தது. அந்த நேரத்தில் துணிக்குழாய் என் தொடையில் உரசிக்கொண்டு படபடத்தது. அது டேங்கின் முன்பக்கமே நின்றுவிட்டது. அவர் விழுந்து கிடக்கிற இடம் வரைக்கும் போகவில்லை. “குழாய உள்ள தள்ளுடா. சாரக்கம்பால தள்ளு. அவரு மூஞ்சாண்ட போவட்டும்” என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். அவன் ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தான். பிறகு ஓடிப்போய் ஒரு சாரக்கம்பை எடுத்து வந்தான். நான் ஒதுங்கிக் கொடுத்த இடைவெளியில் குழாயின் நுனியைக் கம்பில் மாட்டி, அழுதுகொண்டே உள்ளே தள்ளினான். ஒதுங்கினேனே தவிர எழுந்திருக்கவில்லை. அவனை நான் நம்பவில்லை. என்னையும்தான்.

முதுகில் மூச்சுக்காற்றுச் சிலிண்டர் மாட்டிய ஆட்கள் எப்போது வந்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. போல்ட்டிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பேர் உள்ளே போனார்கள். இடுப்பில் பட்டையைக் கட்டி அண்ணனை மேலே தூக்கினார்கள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஒரு கண் பாதி திறந்திருந்தது. முகமூடி வைத்து மூச்சு கொடுத்தபடி மேலே டெக்குக்கு ஏற்றி, கிரேனில் கூடை வைத்துக் கீழே கொண்டுபோனார்கள். கூடை காற்றில் ஆடியது. கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்தேன்.

அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது புடவையில் இறால் வாடை போகாமல் இருந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அப்படியே ஓடிவந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் குழாய்களோடு கிடந்தார். வெல்டர் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னான். அண்ணி என்னிடம் வந்தார்.

“நீ எங்க இருந்த?”

“வெளியில அண்ணி.”

“அவரு உள்ள கெடக்கசொல்ல நீ வெளியில இருந்த.”

அவ்வளவுதான். திரும்பிப் போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சட்டம் அப்படி, அண்ணனே அப்படித்தான் சொல்லியிருந்தார், மூன்று பேர் செத்த கதை உனக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கலாம். அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் அதெல்லாம் வெறும் வாய்ச்சவடாலாகத் தோன்றியது. அண்ணன் செத்துப்போனாலும் நான் செய்தது சரியாகவே இருக்கும். ஆனால் அவர் செத்துத்தான் போயிருப்பார். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு எப்படி உயிர் வாழ்வது என்பதுதான் அன்று எனக்கு இருந்த பயம். அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படியொரு பயத்தை நான் அறிந்ததில்லை.

ஊருக்குள் செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. படகுத்துறையில் நான் வந்து நின்றால் பேச்சு நிற்கும். “அண்ணன்காரன் உள்ள கெடக்கறான், இவ டேங்கு வாய் மேல உக்காந்துக்கினாளாமே” என்று யாரோ யாரிடமோ சொல்வது காற்றில் காதில் விழும். பொய் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். உட்கார்ந்தது உண்மைதான். துணிக்குழாயைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை, “உண்மையாவே உக்காந்தியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வலையில் சிக்கிய நண்டுக் காலைப் பிரித்தபடியே, “என்னால முடிஞ்சிருக்காது” என்றார். அது பாராட்டா குற்றமா என்று அவர் முகத்தில் தேடினேன். தெரியவில்லை.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். கண் திறக்கச் சில நாள் ஆனது. பேச்சு வர இன்னும் கொஞ்ச நாள். டாக்டர் கேட்டபோது, இறங்கியது நினைவிருக்கிறது, பிறகு எதுவும் நினைவில்லை என்றார். வலது கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. அதைவிடப் பெரியது, வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. கதவைச் சாத்தினால் அவருக்கு மூச்சு முட்டியது. கொசுவலைக்குள் படுக்க முடியவில்லை. மழையானாலும் கரையில் இழுத்துப் போட்டிருக்கும் படகில்தான் படுப்பார். சட்டையைத் தலை வழியாகக் கழற்றும்போது முகத்தைத் துணி மூடுமே, அந்தக் கொஞ்ச நேரத்துக்கே பதறிப்போய்க் கிழித்துக்கொண்டு வெளியே வருவார். கப்பல் கட்டையைத் தொடுகிற சத்தத்துக்குக் காது கொடுத்து நின்ற மனிதர், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால் இறங்கிவிடுகிற ஆளாக மாறினார். யார்டுக்குத் திரும்பவே இல்லை. ஊரிலேயே ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை செய்தார். திறந்த வெளி, நாலாபக்கமும் காற்று, எதிரே ஏரி. நடுங்குகிற கையை இடது கையால் பிடித்துக்கொண்டு பிசின் தடவுவார்.

நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். அண்ணி டீ கொடுப்பார். டம்ளரை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போவார். ஒரு சாயங்காலம் அண்ணன் கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணி சற்றுத் தள்ளி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். எனக்குள் இருந்ததை அன்று கேட்டுவிட்டேன். “ணா, நான் வருவேன்னு எதிர்பாத்தியா?”

அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “காலு ரெண்டும் காணாம போன மாதிரி ஆயிடுச்சு பாப்பா. வாயத் தொறக்க முடில. ஆனா நீ கத்துனது கேட்டுச்சு. ணா, ணானு. எங்கியோ ஏரிக்கு அந்தாண்ட இருந்து கூப்புட்றாப்புல. அப்ப எனக்கு ஒரே பயம்.”

“செத்துடுவோம்னா?”

“நீ வந்துடுவியோன்னு.”

அண்ணியின் கை நின்றது. இறால் தோல் விரலில் ஒட்டியபடி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனசின் ஒரு மூலை, டாக்டரிடம் எதுவும் நினைவில்லை என்றாரே என்று கணக்குப் போட்டது. எனக்காகச் சொன்னாரா, அண்ணிக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரா, நிஜமாகவே கேட்டிருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடி கேட்கத் துணிச்சல் வரவில்லை. அன்று கிளம்பும்போது அண்ணி ஒரு பையில் இறாலைப் போட்டு என் கையில் கொடுத்தார். “இருட்டப் போவுது, கெளம்பு” என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். விட்டுவிடு என்று பலரும் சொன்னார்கள். அண்ணன் மட்டும் சொல்லவில்லை. முகத்துவாரத்தைத் தோண்டினார்கள், மறுபடி மூடிக்கொண்டது, நண்டு ஒரு வருடம் வருகிறது, ஒரு வருடம் வருவதில்லை. வேனில் ஏறாமல் எனக்கு முடியாது. வெல்டர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடித்ததைப் பற்றியோ, கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றியோ அவனும் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரே வேனில் முன்சீட்டில் அவனும் பின்சீட்டில் நானும் போய் வருகிறோம்.

போன மாதம் கடல் ஆராய்ச்சிக்கான அரசாங்கக் கப்பல் ஒன்று டாக்குக்கு வந்தது. அடித்தளத்தில் ஒரு டேங்க். உள்ளே போய்த் தகடு வெட்ட வேண்டியவன் வெல்டர். அன்றைக்கு வாட்ச் வேலை புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குப் போட்டிருந்தது. என்னைப் பெயின்ட் ஸ்டோருக்கு அனுப்பியிருந்தார்கள். சிறிது நேரத்தில் ஃபோர்மேன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் காற்றுச் சோதனை முடிந்து, குழாய் இறக்கி, புளோயர் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டர் மட்டும் இறங்காமல் ஒரு ஓரமாக நின்றிருந்தான். “அரை மணி நேரமா இப்படியே நிக்கிறான். அந்த அக்கா வந்தாதான் எறங்குவானாம்” என்று ஃபோர்மேன் எரிச்சலோடு சொன்னார்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே, “அக்கா இங்கியே இருக்கும்ல, நடுவுல வேற எங்கியும் அனுப்ப மாட்டீங்கல்ல?” என்று ஃபோர்மேனிடம் கேட்டான். அனுப்பமாட்டேன் என்றார் அவர். அதன் பிறகுதான் வெல்டர் காலை உள்ளே விட்டான். அந்தப் புதுப் பெண் எழுந்து இடம் விட்டாள். நான் போய் உட்கார்ந்தேன்.